சந்திரம்மா வீட்டு மின்விசிறிகள்

சந்திரம்மா வீட்டில் நான்கு மின்விசிறிகள் இருந்ததாக சர்க்கார் கணக்கில் இருக்கிறது. அந்தக் குடிசையில் மின்சாரமே கிடையாது. குளத்துப் புறம்போக்கில் போட்ட குடிசை, பட்டா இல்லை, பட்டா இல்லாத இடத்துக்கு லைன் இழுக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் சிம்னி விளக்குதான். அப்பேர்ப்பட்ட வீட்டில் நான்கு ஃபேன் என்று ஒருத்தர் எழுதினார். இன்னொருத்தர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது ஆள் அதை ஊர் நடுவில் உரக்க வாசித்தார். கரண்டு இல்லாமல் எப்படியப்பா ஃபேன் ஓடும் என்று கேட்க ஒரு நாதி இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போய்விட்டது. இருந்தாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் மணி. எங்கள் ஊர் திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தால் குளம் வரும், குளத்தைச் சுற்றினால் எங்கள் தெரு. கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன் நான். தொண்ணூற்றேழில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து என்னைப்போல் சிலரைப் பிடித்து, புகையில்லா அடுப்பு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஒன்றும் அதிசயம் இல்லை. மண்ணும் சிமெண்டும் குழைத்துக் கட்டின அடுப்பு, மேலே இரண்டு வாய், பின்பக்கம் ஒரு சிமெண்டுக் குழாய். புகை அந்தக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். விறகும் பாதிதான் பிடிக்கும். சர்க்கார் கணக்கில் ஏழை என்று ஏறினவர்களுக்கு மட்டும் இலவசம் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று நானும் நினைத்தேன்.

ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் வந்தது வினை. சம்பாத்தியம் எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஊரில் எவன் உண்மையைச் சொல்வான்? இருக்கிறவன் இல்லை என்பான், இல்லாதவன் கௌரவத்துக்காக இருக்கிறது என்பான். அதனால் சம்பாத்தியத்தைக் கேட்க வேண்டாம், வீட்டில் இருக்கிற சாமானைப் பார்த்து எழுதுங்கள் என்று மேலே முடிவு பண்ணிவிட்டார்கள். ஃபேன் இருக்கிறதா, டிவி இருக்கிறதா, மிக்ஸி இருக்கிறதா, அவ்வளவுதான். இருந்தால் அவன் ஏழை இல்லை.

இப்போது சந்திரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் லாரி கிளீனர், ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லை. விடியுமுன்னே எழுந்து குடிசைக்குள்ளேயே அடுப்பு மூட்டி இட்லி ஊற்றுவாள். கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிற ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் தெருப் பெண்கள் என்று எல்லாருக்கும் காலை நாஸ்தா அவளிடம்தான். மத்தியானத்துக்கு மேல் வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுபோய் பஸ் நிற்கிற இடத்தில் விற்பாள். ஆக நாள் முழுக்க அடுப்பு எரியும். எரிப்பது சவுக்கு மிளாறு, பனை மட்டை, மழைக்காலத்தில் ஈரத்தோடு எது கிடைக்குமோ அது. குடிசைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் கண்ணைத் திறக்க முடியாது. இருமல் அவளுக்குப் பேச்சு மாதிரி, வாயைத் திறந்தால் கூடவே வரும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருநாள் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

"இந்தப் பொகய விட்டாத்தாம்மா இருமலு நிக்கும். இல்லன்னா மாத்திர முழுங்கி ஒண்ணும் பிரயோஜனமில்ல."

"பொகய வுட்டா சோத்த வுடணுமே" என்றாள் சந்திரம்மா.

அதனால்தான் புகையில்லா அடுப்பு வருகிறது என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டாள். தினம் இட்லி வைக்கும்போது கேட்பாள். "மணி, என் கூரைல அந்தக் கொழா நிக்குமா? சாஞ்சிடாதே?" நிற்கும் அக்கா, நிற்கும் என்பேன். ஊரில் ஒரே ஒரு அடுப்புதான் கொடுப்பார்கள் என்றாலும் அது அவளுக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் யாராவது திருப்பதிக்குப் போனால் வீட்டுச் சாவி சந்திரம்மாவிடம். புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி சிறுவாடு சேர்த்தால் அது சந்திரம்மாவிடம். அதே புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாங்கின பாட்டிலும் சந்திரம்மாவிடம். பக்கத்துப் பக்கத்துப் பானையில் இரண்டும் இருக்கும். எது யாருடையது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. போலீஸே வந்து கேட்டாலும் வராது. ஊரில் அவளுக்கு மரியாதை என்று இருந்தது அது ஒன்றினால்தான்.

கணக்கெடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் தெருவே அல்லோலகல்லோலம். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போய்வந்த திருவேங்கடம் அண்ணாத்ததான் விஷயத்தைக் கொண்டுவந்தார். அவர் வீடு குளத்துக்கு இந்தப் பக்கம், சந்திரம்மா குடிசைக்கு அடுத்தது. கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, சிமெண்டு ஷீட் போட்ட வீடு. பெரிய வசதி என்று சொல்ல முடியாது, பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. அந்த வருஷம்தான் அவர் பெண்டாட்டி வேண்டா நெல் விற்ற காசில் ஒரு டேபிள் ஃபேன் வாங்கியிருந்தாள். பச்சை நிற இறக்கை. அதற்கு மேல் ஒரு துணி போட்டு மூடி வைப்பாள், பூசை சாமான் மாதிரி.

முதலில் அந்த ஃபேன்தான் சந்திரம்மா குடிசைக்கு வந்தது. நான் அங்கே இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இத்த கொஞ்சம் உள்ள வெச்சுக்கோ. அந்த ஆளு போனதும் எடுத்துக்கினு போறேன்" என்றாள் வேண்டா.

"வையி. கோழி ஏறாத எடமாப் பாத்து வையி."

பின்னாலேயே திருவேங்கடம் வந்தார். "உன் வூட்டப் பாத்தாலே தெரியும் அக்கா. வெளிய நின்னே ஏழன்னு எழுதிக்கினு பூடுவான். உள்ள எவன் பூந்து பாக்கப் போறான்?" என்றார்.

பார்த்தால் நியாயமான பேச்சுதான். கேடு என்னவென்றால், தெருவில் எல்லாருக்கும் இதே யோசனை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் வந்தது. பிறகு போர்வையில் சுற்றின டிவி. கொக்கியிலிருந்து கழற்றின சீலிங் ஃபேன் ஒன்று, இறக்கை தனி, உடம்பு தனி. ஒரு மிக்ஸி. இன்னொரு டேபிள் ஃபேன். ஒவ்வொருத்தரும் மற்றவர் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாக வந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து அசடு வழிந்துவிட்டு, தன்னுடையதையும் வைத்துவிட்டுப் போனார்கள். சந்திரம்மா யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாவது சொல்லியிருப்பேன், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கணக்கெடுக்க வந்தவர் நல்ல மனுஷர். அதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் வீடு வீடாக அலைந்து களைத்துப்போய், குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தார். இட்லி வாசனை அவரை இழுத்தது.

"ஏம்மா, நாஸ்தா இன்னா கீது? காலைல இருந்து ஒண்ணும் துண்ணல" என்று தலையைக் குனிந்து நிழலுக்காக உள்ளே நுழைந்துவிட்டார்.

உட்கார்ந்தார். கண் இருட்டுக்குப் பழகியதும் சுற்றிலும் பார்த்தார். சுவர் ஓரமாக வரிசையாக நான்கு ஃபேன், டிவி, மிக்ஸி. சட்னியை நக்கின விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இதெல்லாம் யாருதும்மா?"

சந்திரம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "என் வூட்லதான கீது, சார்" என்றாள்.

"உன்னுதா?"

"இன்னும் ரெண்டு வெக்கட்டா, சார்? சூடா கீது" என்று இட்லியைக் காட்டினாள். அவர் இரண்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு எழுதினார். உள்ளே ஒரு ஸ்விட்ச் இல்லை, ஒரு ஒயர் இல்லை. அவர் அதைத் தேடவில்லை. அவர் தாளில் ஃபேன் உண்டா என்றுதான் கேள்வி, ஓடுமா என்று கேள்வி இல்லை.

அன்று சாயங்காலம் சாமான்கள் வந்த வழியே திரும்பிப் போயின. தெருவில் எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

கிராம சபை கூடினது பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில். அதிகாரி ஒருத்தர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். திருவேங்கடம் வீடு ஏழை. அடுத்த வீடு ஏழை. அதற்கடுத்த வீடு ஏழை. தெருவே ஏழை. கடைசியில் சந்திரம்மா பெயர் வந்தது. நான்கு மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, மிக்ஸி, ஆகையால் தகுதி இல்லை என்றார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றும் சொன்னார்.

திருவேங்கடம் தரையைப் பார்த்தார். வேண்டா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். "சார், அந்த வூட்ல" என்று நான் ஆரம்பித்ததுதான் தெரியும், சந்திரம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள். என்ன பலம் அந்தக் கைக்கு!

"கம்முனு குந்துடா" என்றாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, நாலு ஃபேனு காத்து போதலியா? இலவச அடுப்பு வேற கேக்குதா?" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். யார் யாருடைய ஃபேன் அங்கே இருந்ததோ அவர்களும் சிரித்தார்கள். சந்திரம்மாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அது நிற்கவில்லை, தாழ்வாரத்தை விட்டு வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அதிகாரி அடுத்த பெயரை வாசித்தார்.

வெளியே வந்து நான் அவளிடம் கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே அக்கா, உனக்கு என்ன கேடு என்றேன்.

"யாருதுன்னு சொல்றது? இன்னிக்கு ஃபேன் யாருதுன்னு சொன்னா, நாளைக்கு எவ என்னாண்ட ஒரு பொருள வெப்பா? எனக்கு வேற இன்னாடா கீது இந்தத் தெருவுல?" என்றாள்.



அந்த மாசம் முழுக்க நான் எங்கள் தெருவிலேயே அடுப்பு கட்டினேன். வீட்டுக்கு ஒன்று, சந்திரம்மா வீட்டைத் தவிர. காலையில் அவளிடம் இட்லி தின்றுவிட்டு, அவள் கண்ணெதிரேயே குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கும். அவள்தான் கூப்பிட்டு, "கொழாய நேரா வையி, கோணலா வெச்சிட்டு வேண்டா கிட்ட திட்டு வாங்காதே" என்பாள்.

அந்த அடுப்புகளுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பாதிப்பேர் பொங்கல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. விறகைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட வேண்டும், எவளுக்குப் பொறுமை? பெரிய சோற்றுப் பானை வாயில் உட்காரவில்லை என்றாள் ஒருத்தி. குழாயில் கரி அடைத்தது, துடைக்க ஆள் இல்லை. வேண்டா பழைய மூன்று கல் அடுப்புக்கே திரும்பிவிட்டாள். என் அடுப்புக்குள் வைக்கோல் போட்டுக் கோழியை அடைகாக்க வைத்திருந்தாள். நான் பார்த்தபோது அதில் குஞ்சு பொரித்திருந்தது. காலையில் இவர்கள் எல்லாரும் சந்திரம்மாவிடம்தான் இட்லி வாங்கினார்கள். நாள் முழுக்க அடுப்பு எரிகிற ஒரே வீட்டுக்கு அந்த அடுப்பு இல்லை. நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. நிறுவனத்துக் குழாயை எடுக்க முடியாது, வந்து சரிபார்ப்பார்கள். அதனால் தகரத்தை உருட்டிக் குழாயாக்கி அவள் குடிசையில் ஒரு அடுப்பு கட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. "மணி, கண்ணு தெறந்து இட்லி ஊத்துறேன்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தகரம் சூடேறிக் கூரை ஓலை கருகி நெருப்புப் பிடிக்கப் பார்த்தது. குளத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். அவளே அந்தக் குழாயைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டாள். "வூடும் போச்சுன்னா இந்தத் தெரு சாமானெல்லாம் எங்க வெப்பாங்கோ?" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. சாலையை அகலப்படுத்தினார்கள், திருப்போரூர்ப் பக்கம் வயலெல்லாம் பிளாட் ஆயிற்று, சிறுசேரியில் கட்டடம் எழும்புகிறது என்று எங்கள் பையன்கள் கொத்து வேலைக்கு அங்கே போனார்கள். அடுப்புத் திட்டம் முடிந்து நானும் பழையபடி கொத்து வேலைக்கே வந்துவிட்டேன். சந்திரம்மா மெலிந்துகொண்டே போனாள். மாடிப்படி ஏறினவள் மாதிரி சமதரையில் மூச்சு வாங்கினாள். வேர்க்கடலை வியாபாரத்தை விட்டாள். இட்லியை விடவில்லை. இரண்டு தட்டு ஊற்றிவிட்டு வெளியே வந்து, பூவரச மரத்தடியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துவிட்டு, மறுபடி உள்ளே போவாள். அடுப்புக்கு மனுப் போட்டுப் பார்த்தேன். பழைய கணக்குப்படி அவர் வசதியானவர் என்று பதில் வந்தது.

பிறகு இரண்டாயிரத்து மூன்றில் மறுபடியும் ஒரு கணக்கெடுப்பு. இந்தத் தடவை மேம்படுத்தின அடுப்பு, குறைந்த கரண்டில் எரிகிற விளக்கு, பட்டா இல்லாத வீட்டுக்கும் ஒரு விளக்கு லைன் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் சந்திரம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவை தப்பினால் இனி இல்லை, உன் பெயர் ஏறியே ஆக வேண்டும், ஒருத்தன் சாமானையும் உள்ளே விடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சரி என்றுதான் தலையாட்டினாள்.

கத்திரி வெயில் காலம். கணக்கெடுக்க வந்தவர் திருப்போரூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர். லீவில் வீட்டில் இருக்க விடாமல் இந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். முதல் நாள் மேலத்தெரு, மறுநாள் எங்கள் தெரு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே சாமான்கள் வர ஆரம்பித்துவிட்டன. நான் வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது குடிசைக்குள் கால் வைக்க இடம் இல்லை. இப்போது கலர் டிவி, கிரைண்டர் எல்லாம் சேர்ந்திருந்தது. மூலையில் வேண்டாவின் அதே பச்சை இறக்கை ஃபேன்.

"அக்கா, உனக்கு அறிவு கீதா?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு. "நம்பிக்கினு வராங்கோ. மூஞ்சிமேல எப்டிடா சொல்றது?"

"உன் உயிரு போவுது அக்கா!"

"கத்தாதே. எனக்கு நெஞ்ச அடைக்குது."

நெஞ்சை அடைக்கிறது என்று அவள் சும்மா சொல்லவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வேனைப் பிடித்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகும் முன்னே குடிசையைப் பூட்டச் சொல்லி, சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "டீச்சரு போனதும் தொறந்து குடுத்துடு. யாருது யாருதுன்னு கேக்காதே. அவங்கவங்களே எடுத்துக்குவாங்கோ" என்றாள். ஆக்சிஜன் வைத்தார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், அவர்கள்மேல் குறை இல்லை. விடிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள். முகம் கழுவின மாதிரி சுத்தமாக இருந்தது. இருமல் இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உடம்பை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வரும்போது உச்சி வெயில். தெருவே குளத்தங்கரையில் கூடிவிட்டது. டீச்சரும் இருந்தார். பாதித் தெருவை முடித்திருந்தார், சாவு வந்துவிட்டதே என்று தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பெண்கள் அழுதார்கள். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதார்கள். அவள் கையால் தின்னாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

உடம்பை உள்ளே கிடத்த வேண்டும். வெளியே நெருப்பாகக் கொளுத்துகிறது. நான் சாவியை எடுத்தேன்.

"உள்ள எடம் பண்ணணும். அவங்கவங்க சாமான எடுங்க" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் டீச்சர் பக்கம் போய் வந்தது. திருவேங்கடம்தான் முன்னே வந்தார்.

"வெளியூர்ல போன உயிரு மணி. அந்த ஒடம்ப வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவக் கூடாது. வழக்கம் இல்ல" என்றார்.

ஆமாம், ஆமாம் என்றார்கள். வழக்கம் இல்லை என்பது வாஸ்தவம்தான். ஆஸ்பத்திரியில் போனவர்களை எங்கள் பக்கத்தில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வழக்கத்தை ஏன் அவ்வளவு அவசரமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவர்களுக்கும் தெரியும். பூவரச மரத்தடியில் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். அந்த மரத்துக்கு நிழலே பாதிதான். வெயில் அவள் காலில் விழுந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. நான் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்துபோயிற்று. நாலு ஃபேன்காரி, ஈயோடு கிடக்கிறாள்.

வேண்டா கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, எழுந்தாள். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

கொடுத்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் அந்த டேபிள் ஃபேன், துணி போட்டு மூடினபடியே.

"ஏய், இன்னா பண்றே? புத்தி கெட்டுப் போச்சா?" என்று திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"தள்ளு" என்றாள். அவர் தள்ளி நின்றார். வேண்டா அப்படிப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

தன் வீட்டுக்குள் போய், திருவிழாவுக்கு மைக் செட்டுக்கு இழுக்கிற நீள ஒயரை எடுத்து பிளக்கில் சொருகினாள். மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே போட்டு, நானும் பிடிக்க, பெஞ்சு வரைக்கும் இழுத்தோம். ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஃபேனை வைத்து, துணியை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பச்சை இறக்கை சுற்றியது. ஈ கலைந்தது. சந்திரம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி காற்றில் எழுந்தது.

வேண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க டீச்சர். திருவேங்கடம் வூடு, ஒரு ஃபேனு. முன்னயும் அது என்னுதுதான். எங்க பேர எடுத்துடுங்க."

டீச்சர் பேனாவை எடுத்தார், எழுதுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

"சந்திரம்மா வூட்ல ஒண்ணும் கெடையாது" என்றாள் வேண்டா. "அதையும் எழுதுங்க."